அரசனின் பள்ளியறைக்குள் ஊரார்

1651 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு, பாரிஸ் மக்கள் தங்கள் அரசனின் பள்ளியறைக்குள் நுழைந்தார்கள். அரச குடும்பம் இரவோடு இரவாக நகரைவிட்டு ஓடப்போகிறது என்று பேச்சுப் பரவியிருந்தது. பேச்சில் உண்மையும் இருந்தது. தாய் ராணி ஆன் தப்பிச் செல்லத்தான் திட்டமிட்டிருந்தார். வாசலில் கூட்டம் திரண்டு கூச்சலிட்டபோது, தடுத்தால் ரத்தம் சிந்தும் என்று உணர்ந்த ராணி, கதவுகளைத் திறந்துவிடச் சொன்னார். பன்னிரண்டு வயது பதினான்காம் லூயி போர்வைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தான். ஊரார் வரிசையாக வந்து, அரசன் தூங்குகிறானா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் தூங்கவில்லை. தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிறுவனுக்கு இது முதல் அவமானம் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1649 ஜனவரி 5-ஆம் தேதி நள்ளிரவில், அவனை எழுப்பிப் பின்வழியாக வண்டியில் ஏற்றி சேன்-ஜெர்மேன் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசர்கள் ஓர் அரண்மனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கட்டில், திரை, நாற்காலி எல்லாம் கூடவே வண்டியில் போகும். அன்று எதையும் எடுக்க முடியவில்லை. கூட வந்தவர்களில் பலர் வைக்கோலில் படுத்தார்கள். பாரிஸ் நீதிபதிகளும், பின்னர் நாட்டின் பெரும் பிரபுக்களும் அரசுக்கு எதிராக எழுந்த அந்தக் கலகத்துக்கு ஃப்ரோந்து என்று பெயர். 1648 முதல் 1653 வரை நீடித்தது.

அதே ஜனவரி 30-ஆம் தேதி லண்டனில் லூயியின் அத்தையின் கணவர், இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ், தலை வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டப்பட்ட இடம் ஒயிட்ஹால் அரண்மனையின் விருந்து மண்டபத்துக்கு வெளியே. அந்த மண்டபத்தின் கூரையில், சார்லஸின் தந்தை முதலாம் ஜேம்ஸ் தெய்வத்தைப் போல விண்ணுலகம் ஏறும் காட்சியை ரூபன்ஸ் தீட்டியிருந்தார். ஓவியங்கள் 1636-இல்தான் கூரையில் பொருத்தப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. சார்லஸ் தம் தந்தையின் தெய்வீகத்துக்கு அடியில் நடந்து, சன்னல் வழியாகக் கொலைமேடைக்குப் போனார். அவருடைய மனைவி ஹென்ரியட்டா அப்போது பாரிஸில், லூவர் அரண்மனையில் அடைக்கலம் புகுந்திருந்தார். உலகத்தின் மிகப் பெரிய அரண்மனைகளில் ஒன்றான அந்த லூவரில், அந்தக் குளிர்காலத்தில், அடுப்பெரிக்க விறகு வாங்கப் பணமில்லாமல் மகளைப் படுக்கையிலேயே கிடத்தியிருந்தார்.

ஐரோப்பிய அரசர்களின் அதிகாரத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த ஒரு மாதத்துக்குத்தான் போகிறது. ஓவியக் கூரை ஓர் அரசனைக் காப்பாற்றவில்லை. சுவர்கள் இன்னோர் அரசனின் உறக்கத்தைக் காக்கவில்லை. இதையெல்லாம் கண்டும் கேட்டும் வளர்ந்த ஒருவர்தான் பின்னாளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய அரண்மனைகளில் ஒன்றான வெர்சாயைக் கட்டினார்.

வெர்சாய் போய் வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி மண்டபத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 73 மீட்டர் நீளம், 17 சன்னல்கள், அவற்றுக்கு எதிரே 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள். நானும் அதில் நடந்தேன்; அழகானதுதான். ஆனால் என்னை நகரவிடாமல் நிறுத்தியது, அந்த மண்டபத்துக்குப் பின்புறச் சுவரை ஒட்டி இருக்கும் அரசனின் பள்ளியறை. 1701-இல் லூயி தம் கட்டிலை அங்கே மாற்றினார். அரண்மனையின் நட்டநடுப் புள்ளி அது. கிழக்கு நோக்கிய அறை. கீழே முற்றம், அதற்கப்பால் நகரத்திலிருந்து வரும் மூன்று அகன்ற சாலைகள் அந்தக் கட்டிலை நோக்கியே வந்து குவிகின்றன. ஊரார் வந்து குனிந்து பார்த்த அந்த இரவுக்குச் சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, அரசர் தம் படுக்கையையே நாட்டின் மையத்தில் வைத்து, வந்து பாருங்கள் என்றார். ஒரே வேறுபாடு, இம்முறை யார் பார்க்கலாம், எந்த நேரத்தில், எத்தனை அடி தூரத்தில் நின்று பார்க்கலாம் என்பதை அவர் தீர்மானித்தார்.

வெர்சாயை விளக்கும் எல்லாச் சொற்பொழிவுகளிலும் ஒரு கதை வருகிறது: லூயி பிரபுக்களை எல்லாம் தங்கக் கூண்டில் அடைத்து, பல்லைப் பிடுங்கி, தனியாட்சி நடத்தினார் என்று. அந்தக் கதை எனக்குப் போதவில்லை. பிரான்சின் பிரபு குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை வெர்சாய் வாசலை மிதித்ததே இல்லை. அங்கே வாழ்ந்தது மேல்தட்டின் மேல்தட்டு. அவர்களும் ஏமாளிகள் இல்லை. அங்கே என்ன கிடைத்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினால், கூண்டைவிட ஓர் ஒப்பந்தம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அதற்கு முன் ஃபூக்கேயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1661 மார்ச்சில் முதலமைச்சர் மஸரன் இறந்ததும், இனி முதலமைச்சர் என்று ஒருவர் இருக்கமாட்டார், நானே ஆளப்போகிறேன் என்று இருபத்திரண்டு வயது லூயி அறிவித்தார். நிதிப் பொறுப்பில் இருந்த நிக்கோலா ஃபூக்கே இதை நம்பவில்லை. ஆகஸ்ட் 17-ஆம் தேதி, தாம் புதிதாகக் கட்டிய வோ-லெ-விகோந்த் மாளிகையில் அரசருக்கு ஒரு விருந்து கொடுத்தார். நீரூற்றுகள், நாடகம், வாணவேடிக்கை. அரசரிடம் அப்படி ஒரு வீடு இல்லை. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 5 அன்று, நாந்த் நகரில் அரசரின் காவற்படை அதிகாரி தார்தன்யான் ஃபூக்கேயைக் கைது செய்தார். கைது செய்யும் முடிவு விருந்துக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது என்பதால், ஒரு விருந்தின் பொறாமையால் நேர்ந்தது என்று சொல்வது சரியாகாது. மூன்றாண்டு விசாரணைக்குப் பின் நீதிபதிகள் நாடுகடத்தல் தண்டனை விதித்தார்கள். அரசர் அதைக் குறைக்கவில்லை, கூட்டினார், ஆயுள் சிறையாக்கினார். 1680-இல் ஆல்ப்ஸ் மலையோரக் கோட்டையில் ஃபூக்கே இறந்தார். அவருடைய மாளிகையைக் கட்டிய லெ வோ, தீட்டிய லெ ப்ரன், தோட்டம் அமைத்த லெ நோத்ர் மூவரும் வெர்சாய்க்கு வந்தார்கள். ஃபூக்கேயின் ஆரஞ்சு மரங்கள்கூடத் தொட்டியோடு வந்தன.

வெர்சாய் அப்போது லூயியின் தந்தை கட்டிய வேட்டை மாளிகை, அவ்வளவுதான். சதுப்பு நிலம். ஆறு கிடையாது. லூவரையே விரிவாக்க வேண்டும் என்ற பேச்சு இருந்தது. நிதியைப் பார்த்துக்கொண்ட கோல்பேர் அதில் மிகப் பிடிவாதமாக இருந்தார். அரசர் கேட்கவில்லை. பாரிஸ் அவருக்கு வேண்டாம். 1682 மே 6-ஆம் தேதி அரசவையும் அரசாங்கமும் வெர்சாய்க்குக் குடிபெயர்ந்தன. அப்போதும் அரண்மனை முழுக்கக் கட்டுமான வேலைதான். 1685-இல் அங்கே சுமார் 36,000 பேர் வேலை செய்துகொண்டிருந்ததாக அரசவையிலிருந்த தாஞ்சோ தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இனி அந்தப் பள்ளியறைக்கு வருவோம். காலை எட்டு மணி வாக்கில், கட்டிலருகே இரவு படுத்திருந்த தலைமைப் பணியாள் அரசரை எழுப்புவார். மருத்துவர்கள் வருவார்கள். பிறகு, அந்த நேரத்தில் நுழைய உரிமை பெற்ற ஒரு சிலர். பிறகு இன்னும் சிலர். பிறகு இன்னும் சிலர். கட்டிலுக்கு முன்னால் தங்க முலாம் பூசிய தடுப்பு. அதைத் தாண்ட எல்லோராலும் முடியாது. அரசருக்குச் சட்டை கொடுப்பது அங்கே இருப்பவர்களில் மிக உயர்ந்த இடத்தில் இருப்பவரின் உரிமை. மகன் இருந்தால் மகன், இல்லாவிட்டால் இளவரசர்களில் மூத்தவர். வலது கையை நுழைக்க ஒரு பணியாள் உதவுவார், இடது கையை நுழைக்க இன்னொருவர். இரவு உறங்கப் போகும்போது, மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பேறு யாருக்கு என்று அரசர் சுற்றிலும் பார்த்து ஒரு பெயரைச் சொல்வார். அறை முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த மெழுகுவத்தியால் யாருக்கும் வெளிச்சம் தேவையில்லை. ஆனாலும் நாட்டின் மிகப் பெரிய பணக்காரர்கள் அந்த ஒரு பெயருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நம் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. பரிவட்டத் துணியின் விலை என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

உட்காரும் உரிமையும் இப்படித்தான். அரசர் முன்னிலையில் கைவைத்த நாற்காலியில் உட்கார அவருக்கு நிகரானவர்களால்தான் முடியும். டியூக்கின் மனைவிக்கு முதுகில்லாத ஒரு முக்காலி கிடைக்கும். மற்றவர்கள் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த முக்காலிக்காகத் திருமணங்கள் பேசப்பட்டன.

சேன்-சிமோன் என்ற டியூக் அங்கே வாழ்ந்து, பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். அரசரை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் அவர் சொல்வதில் கசப்பு கலந்திருக்கும். அரசவைக்கு வராத ஒருவருக்காக யாராவது பரிந்து பேசினால், ‘அவரை நான் பார்த்ததே இல்லையே’ என்று அரசர் சொல்லிவிடுவார் என்று அவர் எழுதுகிறார். அந்த வாக்கியம் ஒரு தீர்ப்பு. ஓய்வூதியம், படைப்பிரிவின் தலைமை, பிள்ளைக்கு மடத்தின் வருமானம், மகளுக்குச் சீதனம் எல்லாம் அரசரின் கண்ணில் படுகிறவர்களுக்குத்தான். ஒரு நாட்காட்டியும் கைக்கடிகாரமும் இருந்தால் முந்நூறு காதத்துக்கு அப்பால் இருந்தும் அரசர் இந்த நொடியில் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடலாம் என்றும் அவரே எழுதியிருக்கிறார். இந்த இரண்டாவது செய்தியைப் பலர் அரசரின் ஒழுங்குக்குப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது வேறுவிதமாகப் படுகிறது. எழுபத்தேழு வயதை நெருங்கும்வரை ஒரு மனிதர் தனியாக எழுந்து தனியாகச் சட்டை போட்டுக்கொள்ள முடியாமல் வாழ்ந்திருக்கிறார். பிரபுக்களுக்கு இட்ட கட்டு அவர் காலிலும் இருந்தது. அடுத்தடுத்து வந்த வாரிசுகளால் அதை அவிழ்க்கவும் முடியவில்லை. நூறாண்டு கழித்து அதே அரண்மனையில், குளிர்கால நாளொன்றில், பதினாறாம் லூயியின் ராணி மரி ஆந்துவானெத் ஆடையில்லாமல் நடுங்கிக்கொண்டு நிற்க, அவருடைய உள்ளாடை உயர்ந்த இடத்துப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வர வர, கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது என்று அவருடைய தோழி கம்பான் எழுதியிருக்கிறார்.

ஒப்பந்தம் என்று சொன்னேன். ஃப்ரோந்து கலகத்தில் அரசருக்கு எதிராக வாள் எடுத்தவர்களில் முதன்மையானவர் அவருடைய உறவினரான இளவரசர் கோந்தே. பின்பு எதிரி நாடான ஸ்பெயினின் படையைக்கூட நடத்தியவர். 1659 உடன்படிக்கையில் அவருக்கு மன்னிப்பு கிடைத்தது, சொத்து திரும்பியது, அரசருக்காகப் பெரும் போர்களை வென்றார். அவருடைய பேரனுக்கும், அரசர் தம் காதலியிடம் பெற்ற மகளுக்கும் 1685-இல் திருமணம் நடந்தது. மறு ஆண்டு அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மை கண்டது. கிழவர் கோந்தே அவளைக் கவனித்துக்கொள்ள விரைந்துபோய், அங்கேயே நோயுற்று, ஃபோந்தென்ப்ளோ அரண்மனையில் இறந்தார். பழைய கலகக்காரர்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். அவர்கள் தோற்று வந்தார்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘தாய்’ (taille) எனப்பட்ட நிலவரி பிரபுக்களுக்குக் கிடையாது, திருச்சபைக்குக் கிடையாது, பல நகரங்களுக்கும் கிடையாது. அரசவைப் பதவிகளும் நீதிமன்றப் பதவிகளும் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச்சென்றார்கள். மாகாணங்களில் வசூலான வரியில் ஒரு பங்கு உள்ளூர்ப் பெரியவர்களின் கைக்கே ஊதியமாகவும் வட்டியாகவும் திரும்பிப் போனது. ஏறக்குறைய இரண்டு கோடி மக்கள் வாழ்ந்த நாட்டை அரசர் முப்பது சொச்ச மாகாண அதிகாரிகளைக் கொண்டு ஆண்டார். உள்ளூர்ப் பிரபுக்கள் ஒத்துழைக்காமல் அது ஒரு நாள்கூட ஓடியிருக்காது. அரசர் கட்டளையிட்டார், அவர்கள் வணங்கினார்கள். பணத்தை உழவன் கொடுத்தான். அந்தப் பள்ளியறையில் நடந்த வழிபாட்டின் உள்ளடக்கம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வெர்சாயில் என்னைக் கோபப்படுத்துவது தங்கம் அல்ல, தண்ணீர். ஆறில்லாத மேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த்தாரைகளைப் பாய்ச்ச வேண்டும் என்று அரசர் விரும்பினார். சுற்றுவட்டாரக் குளங்களையும் ஓடைகளையும் எல்லாம் இழுத்தார்கள், போதவில்லை. அரசர் தோட்டத்தில் உலவும்போது, அவர் வரும் திசையில் உள்ள ஊற்றைத் திறந்து, அவர் கடந்ததும் மூட ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். ஒருவருக்கொருவர் சீழ்க்கையடித்துச் சைகை காட்டிக்கொண்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய அரசர் எப்போதும் தம்மைச் சுற்றித் தண்ணீர் பொங்குவதாகவே கண்டார்.

பிறகு 1681-இல் மார்லியில் ஓர் இயந்திரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். செய்ன் ஆற்றின் நீரோட்டத்தில் சுழலும் 14 பெரும் சக்கரங்கள், 200-க்கும் மேற்பட்ட பம்புகள்; ஆற்றுத் தண்ணீரை மலைமேல் 150 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். லியேஜ் பகுதியிலிருந்து வந்த ரெனெக்கன் சுவாலெம் என்ற தச்சர் அதைச் செய்து முடித்தார். அந்தக் காலத்தில் அதற்கு நிகரான இயந்திரம் ஐரோப்பாவில் இல்லை. சுற்றியிருந்தவர்கள் அதன் இரைச்சலைத் தாங்க முடியாமல் தவித்தார்கள். அந்தத் தச்சரின் திறமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அத்தனை திறமையும் ஊற்றுகளின் தாகத்தைத் தீர்க்கவில்லை.

எனவே 1685-இல் இன்னும் பெரிய திட்டம்: எண்பது கிலோமீட்டர் அளவுக்குக் கால்வாய் வெட்டி யூர் (Eure) என்ற ஆற்றையே வெர்சாய்க்குத் திருப்புவது. கோட்டைகள் கட்டுவதில் பெயர்பெற்ற வோபான் திட்டம் போட்டார். வழியில் மேன்தெனோன் பள்ளத்தாக்கைக் கடக்க, மூன்று அடுக்கில் ஒரு நீர்ப்பாலம். போர் இல்லாத காலம் என்பதால் படைவீரர்களை ஆயிரக்கணக்கில் மண் வெட்ட இறக்கினார்கள். சதுப்பு நிலக் காய்ச்சல் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1688-இல் மீண்டும் போர் மூண்டதும் வேலை நின்றது. மீண்டும் தொடங்கவே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்த வழியாக வெர்சாய்க்கு வரவில்லை.

கட்டுமானத்தில் இறந்தவர்களை இரவில் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போவதாக மதாம் தெ செவின்யே 1678-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பகலில் எடுத்துச் சென்றால் மற்றத் தொழிலாளர்கள் அஞ்சிவிடுவார்கள். காட்டுவதற்காகவே கட்டப்பட்ட ஓர் இடத்தில் இவர்கள் மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஏற்பாடு. 1668-இல் ஒரு பெண் மட்டும் இதை அரசரின் முகத்துக்கு நேரே சொன்னாள். வெர்சாய் வேலையில் மகனைப் பறிகொடுத்தவள். பெண்பித்தன் என்றும், இயந்திரங்களின் அரசன் என்றும், கொடுங்கோலன் என்றும் அவரைத் திட்டினாள். அரசர் திகைத்து, என்னையா சொல்கிறாய் என்று கேட்டார். ஆம், உங்களைத்தான் என்றாள். அவளுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். தொர்மெசோன் என்ற நீதித்துறை அதிகாரி இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய அரண்மனையில் அவளுக்கென ஒரு கல்வெட்டாவது வைத்திருக்கலாம் என்று அங்கே நடந்தபோதெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

கண்ணாடி மண்டபத்தையும் விட்டுவிட முடியாது. பெரிய கண்ணாடி செய்யும் ரகசியம் அப்போது வெனிஸ் நகரத்தாரிடம் இருந்தது. கோல்பேர் 1665-இல் அரசுக் கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கி, வெனிஸ் தொழிலாளர்களை வரவழைத்து, அந்தக் கலையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். இன்றைய சேன்-கோபேன் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையின் வாரிசுதான். மண்டபம் 1684-இல் முடிந்தது. மறு ஆண்டு மே மாதம் ஜெனோவா குடியரசின் தலைவர் அங்கே வந்து மன்னிப்புக் கேட்டார். முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சுக் கப்பல்கள் அந்த நகரத்தைக் குண்டுபோட்டு எரித்திருந்தன. ஜெனோவாவின் சட்டப்படி அதன் தலைவர் பதவிக் காலத்தில் நகர எல்லையைத் தாண்டக்கூடாது. அந்தச் சட்டத்தையும் மீற வைத்தார்கள். அரசர் வெள்ளிச் சிம்மாசனத்தில் இருந்தார். மண்டபம் முழுவதும் வெள்ளி மேசைகள், வெள்ளித் தொட்டிகள், வெள்ளி விளக்குகள். இங்கே உங்களை மிகவும் வியக்க வைத்தது எது என்று ஜெனோவாத் தலைவரிடம் கேட்டதற்கு, நான் இங்கே நிற்பதுதான் என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

அந்த வெள்ளிச் சாமான்கள் அங்கே நெடுநாள் இருக்கவில்லை. 1689 டிசம்பரில் போர்ச் செலவுக்காக அரசர் அத்தனையையும் உருக்கி நாணயமாக்க உத்தரவிட்டார். சுமார் இருபது டன் வெள்ளி. லெ ப்ரன் வரைந்து கொடுத்து, தட்டார்கள் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய வேலைப்பாடு. கடன் வாங்க வழியிருந்தால் ஓர் அரசர் தம் வீட்டு மேசையை உருக்கமாட்டார்.

அந்தப் போரின் அலை நம் கரையிலும் வந்து மோதியது. கோல்பேர் 1664-இல் தொடங்கிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் புதுச்சேரியில் குடியேற்றத்தை அமைத்திருந்தார். 1693-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1697 ரைஸ்விக் உடன்படிக்கைப்படி 1699-இல் அது பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. சோழமண்டலக் கரையின் ஓர் ஊர் யாருக்குச் சொந்தம் என்று ஹாலந்தில் ஒரு மேசையில் முடிவானது.

இந்தப் போர்களில் எதிர்த்தரப்பில் நின்ற இங்கிலாந்தைப் பார்க்கும்போதுதான் வெர்சாயின் பொருள் எனக்குத் தெளிவாகிறது. பிரான்சின் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குதான் அங்கே. 1688-இல் நடந்த ஆட்சிமாற்றப் புரட்சிக்குப் பின் அங்கே அரசர் வில்லியம் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் வரி போட முடியாது. ஆனால் 1694-இல் இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டது. நாடாளுமன்றமே பொறுப்பேற்ற கடன் என்பதால் வியாபாரிகள் நம்பிக் கொடுத்தார்கள். வரி விதிக்கும் இடத்தில் வரி கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்ததால், தலைக்கு வரி காலப்போக்கில் பிரான்சைவிட அதிகமாகவே வசூலானது. 1698 ஜனவரியில் ஒயிட்ஹால் அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. ரூபன்ஸின் கூரை இருந்த விருந்து மண்டபம் மட்டும் பெரும்பாலும் தப்பியது. ஒயிட்ஹாலை மீண்டும் கட்டவே இல்லை. அரசவை செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்குப் போனது. வெளிநாட்டுத் தூதர்கள் அதை இழிவாகப் பேசினார்கள். அந்தச் சாதாரணச் செங்கல் அரண்மனையிலிருந்துதான் வெர்சாயைத் தோற்கடித்த கப்பற்படைகளுக்குப் பணம் போனது.

கண்ணால் காட்டியே தீரவேண்டிய அதிகாரத்தை நான் சந்தேகிக்கிறேன். முப்பது டியூக்குகள் காலையில் வரிசையில் நிற்கவில்லை என்றால் அதிகாரம் குறைந்துவிடும் என்ற நிலையில் இருப்பவர் அவர்களைச் சார்ந்தே இருக்கிறார். இதற்கு மாறான அரசர்களும் இருந்தார்கள். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப், எஸ்கோரியல் அரண்மனையில் சிறிய அறைகளுக்குள் ஒதுங்கி, காகிதங்களைப் படித்தே பேரரசை நடத்தினார். படுக்கையிலிருந்தே கோயில் பீடம் தெரியும்படி ஒரு திறப்பு வைத்துக்கொண்டார். அவருடைய கருவூலமும் பலமுறை திவாலானது. மறைந்திருந்தாலும் கணக்கு சரியாகிவிடாது. ஆனாலும் வெர்சாயின் வழியில், அரசர் தம் உடலையே அரசியல் சாசனமாக்கினார். உடல் அழியும்.

1709 ஜனவரியில் வந்த குளிரில் ஆறுகள் உறைந்தன, விதைத்த கோதுமை மண்ணுக்குள்ளேயே செத்தது. வெர்சாயில் சாப்பாட்டு மேசையிலேயே திராட்சை மது உறைந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பஞ்சத்திலும் நோயிலும் நாட்டில் சுமார் ஆறு லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஜூன் மாதம், அப்போது நடந்துகொண்டிருந்த ஸ்பெயின் வாரிசுரிமைப் போரில் எதிரிகளின் சமாதான நிபந்தனைகளை ஏன் ஏற்கவில்லை என்று விளக்கி அரசர் தம் குடிமக்களுக்கு ஒரு கடிதம் எழுதி, நாடெங்கும் தேவாலயங்களில் வாசிக்கச் செய்தார். யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாதவர் என்று சட்ட அறிஞர்களால் வருணிக்கப்பட்ட அரசர், உழவர்களிடம் காரணம் சொன்னார். அவருடைய எழுபது சொச்ச ஆண்டு ஆட்சியில் நான் மதிக்கும் செயல்களில் அது ஒன்று.

1715 செப்டம்பர் 1-ஆம் தேதி காலை, அந்த நடுநாயகமான பள்ளியறையிலேயே, கால் அழுகிய நிலையில் இறந்தார். ஐந்து வயது கொள்ளுப்பேரனை அருகே அழைத்து, போரிலும் செலவிலும் தம்மைப் பின்பற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கடன் 200 கோடி லிவ்ரைத் தாண்டியிருந்தது. சவ ஊர்வலம் போன வழியில் மக்கள் குடித்துப் பாடினார்கள். மறுநாளே, செப்டம்பர் 2 அன்று, பார்லமா எனப்பட்ட பாரிஸ் உயர் நீதிமன்றம் கூடி அவருடைய உயிலின் முக்கியமான பகுதிகளை ஒதுக்கித் தள்ளியது. ஃப்ரோந்து கலகத்தைத் தொடங்கிய அதே நீதிமன்றம். ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அவர்கள் வாயை மூடவைத்திருந்த அரசரின் சொல், அவர் மூச்சு நின்ற மறுநாளே செல்லாமல் போனது. பிரதிநிதியாக ஆட்சிக்கு வந்த ஓர்லெயான் டியூக் சிறுவனான அரசனைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அரசவை வெர்சாய்க்குத் திரும்பியது 1722-இல்.

அதன்பின் அறுபத்தேழு ஆண்டுகள். ஓரளவு நல்ல உடை உடுத்தியிருந்தால் யார் வேண்டுமானாலும் அரண்மனைக்குள் வரலாம் என்ற வழக்கம் தொடர்ந்தது. வாள் இல்லாத ஆண்கள் வாசலில் வாடகைக்கு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். 1789 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸிலிருந்து மழையில் நடந்து வந்த பெண்களிடம் வாடகை வாள் இல்லை. ரொட்டி கேட்டு வந்திருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் கூட்டம் உள்ளே புகுந்தது, காவலர்கள் கொல்லப்பட்டார்கள். மரி ஆந்துவானெத் கட்டிலின் இடப்புறச் சுவரில் உள்ள சிறு கதவு வழியாக அரசரின் அறைகளுக்கு ஓடினார். அந்தக் கதவு இன்றும் இருக்கிறது. சுவர்த் துணியின் பூ வேலைப்பாட்டில் மறைந்திருப்பதால், தெரிந்தவர்கள் தேடிப் பார்த்தால்தான் தெரியும். 1651-இல் ராணி ஆன் கதவைத் திறந்துவிட்டுச் சமாளித்தார். இம்முறை அது போதவில்லை. அன்று பிற்பகலே குடும்பம் பாரிஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பதினாறாம் லூயி வெர்சாயை மீண்டும் பார்க்கவில்லை.

1793 ஆகஸ்ட் தொடங்கி ஓராண்டு காலம் அரண்மனைச் சாமான்கள் ஏலம் போயின. பின்னர் 1837-இல் லூயி-ஃபிலிப் அதை அருங்காட்சியகமாக்கி, இடிந்துபோகாமல் காத்தார். 1871 ஜனவரி 18-ஆம் தேதி, போரில் வென்ற ஜெர்மானியர்கள் அதே கண்ணாடி மண்டபத்தில் தங்கள் பேரரசை அறிவித்தார்கள். கூரையில் ரைன் ஆற்றைக் கடக்கும் லூயியின் வெற்றி ஓவியமாக இருந்தது. 1919 ஜூன் 28 அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியர்களை அங்கேயே அழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

பாரிஸுக்குப் போகிறவர்கள் வெர்சாய்க்கு ஒரு நாள் ஒதுக்குவார்கள். முடிந்தால் இன்னும் அரை நாள் ஒதுக்குங்கள். மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து ஷார்த்ர் போகும் ரயிலில் ஏறினால் மேன்தெனோனில் இறங்கலாம். மூன்று அடுக்கில் முதல் அடுக்கு மட்டுமே எழுந்த நீர்ப்பாலத்தின் வளைவுகள் அங்கே அரண்மனைத் தோட்டத்தின் கோடியில் நிற்கின்றன. வெர்சாய் வரிசைகளில் நிற்கும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட அங்கே வருவதில்லை. மண் வெட்ட வந்து காய்ச்சலில் செத்த படைவீரர்களைப் பற்றி விரிவாகச் சொல்லும் பலகை ஒன்றை வெர்சாய் வாசலிலும் வைக்க வேண்டும், ஊற்றுகளுக்கு டிக்கெட் விற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே.